ஈன்ற குட்டிகள் எல்லாம் போய்விட்டன: பெட்டை ஃபெரெட்டை மறுபடி ஆணோடு சேர்க்கலாமா?

பனிமலர் (லெஸ்டர்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெட்டை ஃபெரெட் (கீரி மாதிரி இருக்கும் வளர்ப்பு விலங்கு) மிளகுக்கு இது தலையீற்று. ஏழு குட்டி போட்டாள். மூன்று நாளுக்குள் ஏழும் போய்விட்டன. கடைசிக் குட்டி நேற்று மாலை இறந்தது. வீடே கலங்கிக் கிடக்கிறது.

மிளகு கூட்டுப்பெட்டிக்குள் போவதும் வருவதுமாகவே இருக்கிறாள். என் மகளின் காலுறைகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் வைத்து, அவற்றைச் சுற்றிப் படுத்துக்கொள்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஆண் ஃபெரெட்டைக் கொடுத்து உதவியவர், "இரண்டு வாரத்தில் திரும்பப் பருவத்துக்கு வருவாள், உடனே சேர்த்துவிடுங்கள், அடுத்த ஈற்றில் ஏக்கமும் தீர்ந்துவிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் பருவத்தில் அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் படித்திருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

முயல்வலை (யார்க்‌ஷயர்):

பனிமலர், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசுவோம், அதற்கு நாள் இருக்கிறது. இன்று பார்க்க வேண்டியது மிளகின் உடம்பை.

இப்போதே அவளை மடியில் போட்டு வயிற்றைத் தடவிப் பாருங்கள். எட்டுக் காம்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எங்காவது கல் மாதிரி இறுகியிருக்கிறதா, சுடுகிறதா, தோல் சிவந்தோ ஊதாவாகவோ இருக்கிறதா? பின்பக்கம் நாற்றமுள்ள கசிவு உண்டா? சாப்பிடுகிறாளா? ஈறு ரோஜா நிறத்தில் இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? இந்த நான்குக்கும் பதில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கால்நடை நர்ஸ் (பர்மிங்ஹாம்):

அண்ணா கேட்ட கேள்விகள் சரியானவை. ஏன் கேட்கிறார் என்று கொஞ்சம் விளக்குகிறேன், இதே நிலையில் வேறு யாராவது வந்து படித்தாலும் உதவும்.

குட்டி குடிக்காததால் பால் மடியிலேயே தேங்கும். பெரும்பாலான பெட்டைகளுக்கு அது தானாக வற்றிவிடும். சிலவற்றுக்குக் கிருமி புகுந்து மடிநோய் வரும். ஃபெரெட்டுக்கு வரும் மடிநோய் மிக வேகமானது. காலையில் லேசான வீக்கமாக இருப்பது மறுநாள் கறுத்து அழுகத் தொடங்கியிருக்கலாம். அப்படி ஆகிவிட்டால் அந்த மடியை அறுத்து எடுக்க வேண்டிவரும், ரத்தத்தில் கிருமி பரவி இறப்பதும் உண்டு. "பால்கட்டுதான், பிழிந்து விட்டால் சரியாகும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிழியப் பிழியப் பால் இன்னும் சுரக்கும், மடிக்குக் காயமும் ஆகும்.

அடுத்தது கருப்பை. ஒரு குட்டியோ நஞ்சுக்கொடியின் துண்டோ உள்ளே தங்கியிருந்தால் கருப்பையில் சீழ் பிடிக்கும். ஈன்ற ஒன்றிரண்டு நாள் ரத்தம் கலந்த கசிவு இருப்பது இயல்பு. அது பழுப்பாகவோ பச்சையாகவோ மாறி நாற்றம் அடித்தால் இயல்பல்ல. ஸ்கேனில் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. பால் வற்ற வேண்டும் என்று நாய்க்குச் செய்வதைப் போல ஒரு நாள் பட்டினி போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஃபெரெட் ஊனுண்ணி. குடல் மிகக் குட்டை, உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஈன்று மெலிந்த பெட்டையைப் பட்டினி போட்டால் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து வேறு ஆபத்து வரும். எப்போதும் வாய்க்கு எட்டும் இடத்தில் இறைச்சியும் தண்ணீரும் இருக்கட்டும்.

பனிமலர் (லெஸ்டர்):

பார்த்தேன். சாப்பிடுகிறாள், ஆனால் பாதிதான். கசிவு நிற்கிற மாதிரி இருக்கிறது, நாற்றம் இல்லை. ஈறு ரோஜா நிறம்தான். ஆனால் இடது பக்கம் கடைசிக் காம்பைச் சுற்றி இறுகியிருக்கிறது, சூடாகவும் இருக்கிறது. தொட்டால் திரும்பிக் கையைக் கவ்வ வருகிறாள். அவள் ஒருநாளும் கடித்ததில்லை. திங்கட்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

கால்நடை நர்ஸ் (பர்மிங்ஹாம்):

திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே அவசரப் பிரிவுக்குக் கூப்பிடுங்கள். "ஈன்று சில நாளே ஆன ஃபெரெட், மடி சூடாக இறுகியிருக்கிறது, தொடவிடவில்லை, சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். போன் எடுப்பவருக்கு ஃபெரெட் பழக்கம் இல்லையென்றாலும் அவசரம் புரிந்துவிடும். போகும்போது இறந்த குட்டிகளையும் எடுத்துப் போங்கள். ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறீர்களா? உறைய வைக்க வேண்டாம். உறைந்தால் திசு கெட்டுவிடும், ஏன் இறந்தன என்று பரிசோதனையில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பனிமலர் (லெஸ்டர்):

போய்விட்டு வந்தோம். மடிநோயின் தொடக்கம் என்றார்கள். ஆன்டிபயாடிக்கும் வலிமருந்தும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேனில் கருப்பை காலியாக இருக்கிறது. ஃபிரிட்ஜில் இருந்த இரண்டு குட்டிகளைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். மற்றவற்றைத் தோட்டத்தில் புதைத்துவிட்டோம். இருவருக்கும் நன்றி. இனி என் கேள்விக்கு வரலாம் என்று நினைக்கிறேன்.

தென்றல் (வேல்ஸ்):

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஃபெரெட்டுக்குக் கருமுட்டை தானாக வெளியேறாது. ஆண் கழுத்தைக் கவ்வி இழுத்துச் சேர்ந்த பிறகுதான் வெளியேறும். சேர்க்காமல் விட்டால் பகல் நீளமாக இருக்கும் மாதம் முழுக்க, இங்கே மார்ச் முதல் ஆகஸ்ட் செப்டம்பர் வரை, பெட்டை பருவத்திலேயே நிற்கும். அத்தனை நாளும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையை அடக்கிவிடும். புது ரத்தம் ஊறாது. வால் அடியில் முடி கொட்டும், ஈறு வெளுக்கும், பின்கால் தள்ளாடும், தோலுக்கடியில் சின்னச் சின்ன ரத்தப்புள்ளி வரும். அப்புறம் சாவுதான். என் பக்கத்துப் பண்ணையில் அப்படி ஒன்று செத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குட்டி இழந்த பெட்டை இரண்டு வாரத்தில் பருவத்துக்கு வரும். அப்போது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நல்ல ஆணோடு சேர்ப்பது மேல் என்பது என் கருத்து. ஊரில் ஃபெரெட் தெரிந்த வெட் (கால்நடை மருத்துவர்) இல்லாதவர்களுக்கு வேறு என்ன வழி? காலம் காலமாக இப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். கடைசியில் அவளுக்கும் குட்டி கிடைக்கும்.

முயல்வலை (யார்க்‌ஷயர்):

தென்றல், ஆபத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த ஆபத்துக்கு மருந்து சினை மட்டும்தான் என்பதில் உடன்பட மாட்டேன்.

பெட்டையைப் பருவத்திலிருந்து இறக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் குட்டி வேண்டியதில்லை. வாசக்டமி (விந்துக்குழாயைத் துண்டிக்கும் அறுவை) செய்த ஆணோடு சேர்த்தால் கருமுட்டை வெளியேறும், ஆனால் கரு தங்காது. பொய்ச்சினையாகி ஏறக்குறைய 42 நாள் அமைதியாக இருப்பாள். அறுவை முடிந்த ஆணை உடனே விடக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் விந்து தீர ஆறு ஏழு வாரமாவது ஆகும். இந்த நாட்டில் முயல்வேட்டைக்கு ஃபெரெட் வளர்ப்பவர்கள் பலர் இப்படி ஓர் ஆணை வைத்திருப்பார்கள். ஒரு கோடையில் இரண்டு மூன்று தடவை சேர்க்க வேண்டிவரும்.

இன்னொன்று, கிடைத்தால், புரோலிஜெஸ்டோன் என்ற ஹார்மோன் ஊசி. பருவத்தின் தொடக்கத்தில் போட்டால் பெரும்பாலும் அந்த வருடம் முழுக்கத் தாங்கும். சிலவற்றுக்கு இரண்டாவது ஊசி தேவைப்படும். ஊசி போட்ட இடத்தில் முடி கொட்டுவதும் உண்டு.

இப்போது மிளகைப் பாருங்கள். வயிற்றில் ஏழு குட்டியைச் சுமந்து, ஈன்று, பால் கட்டி, மடிநோயும் வந்து ஆன்டிபயாடிக்கில் இருக்கிறாள். சினையின் கடைசி வாரங்களில் பெட்டை ஃபெரெட்டுக்குத் தீனி எவ்வளவு போட்டாலும் போதாது. ஒரு நாள் சாப்பாடு தவறினாலே சினைக்கால நச்சு வந்து சாகும் விலங்கு அது. எடை தேறாத உடம்பில் இன்னொரு சினையை ஏற்றினால் அடுத்த முறை குட்டிகளோடு தாயையும் இழக்க நேரும். குட்டிகள் ஏன் இறந்தன என்பதும் இன்னும் தெரியவில்லை. காரணம் தெரியாமல் அதே ஆணை, அதே பெட்டியில், அதே வீட்டில் மறுபடி சேர்ப்பதில் என்ன நியாயம்?

தென்றல் (வேல்ஸ்):

எடை தேறாத பெட்டையைச் சேர்க்கச் சொல்லவில்லை. மடிநோய் இருப்பது நான் எழுதும்போது கவனத்தில் இல்லாமல் இல்லை, அது ஆறும்வரை பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காலத்துக்குள் பருவம் வந்துவிடுமே என்பதுதான் என் கவலை.

கால்நடை நர்ஸ் (பர்மிங்ஹாம்):

கவலை நியாயமானது, ஆனால் பருவம் வந்த அன்றே ஆபத்து வந்துவிடாது. பிறப்புறுப்பு வீங்கியதைப் பார்த்ததும் வெட்டைக் கூப்பிட்டால் நேரம் தாராளமாக இருக்கிறது. வாரக்கணக்கில் விட்டால்தான் மஜ்ஜை அடங்கத் தொடங்கும். எல்லாப் பெட்டைக்கும் அது வருவதில்லை, எதற்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால் யாரையும் காத்திருக்கச் சொல்ல மாட்டோம். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் பிசிவி (சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) பார்ப்போம். நல்ல ஃபெரெட்டுக்கு 40க்கு மேல் இருக்கும். 25க்குக் கீழே போனால் கவலைக்கிடம், 15க்குக் கீழே என்றால் பிழைப்பது அரிது. ரத்தம் ஏற்றலாம். ஃபெரெட்டுக்கு ரத்த வகைப் பிரச்சினை இல்லை, ஆரோக்கியமான எந்த ஃபெரெட்டிடமிருந்தும் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அந்த நிலைக்குப் போகவே விடக் கூடாது.

மூன்றாவது வழியையும் சொல்லிவிடுகிறேன்: டெஸ்லோரெலின் இம்பிளான்ட். தோலுக்கடியில் வைக்கும் அரிசி அளவுக் குச்சி. பெட்டைகளில் ஒரு வருடத்துக்கு மேலும் பருவத்தை நிறுத்தி வைக்கும். வைத்த முதல் இரண்டு வாரத்தில் ஹார்மோன் ஏறி இறங்கும், அந்தச் சமயத்தில் பிறப்புறுப்பு வீங்கினால் பயந்துவிட வேண்டாம். அடுத்த வசந்தத்தில் குட்டி எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இம்பிளான்ட் பொருந்தாது, ஊசியோ வாசக்டமி ஆணோ பொருந்தும். முதலில் அந்த முடிவை வீட்டில் பேசி எடுங்கள்.

டொராண்டோ தம்பி:

குறுக்கே ஒரு கேள்வி. இங்கே கடையில் வாங்கும் ஃபெரெட் எல்லாமே குட்டியிலேயே கருத்தடை செய்யப்பட்டுத்தான் வருகின்றன. பருவம் என்ற பேச்சே எங்களுக்குப் புதிது. மிளகுக்கும் ஒரேயடியாகக் கருப்பையும் சூலகமும் எடுத்துவிட்டால் இந்தத் தலைவலி தீராதா?

கால்நடை நர்ஸ் (பர்மிங்ஹாம்):

தீரும், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சூலகம் போனபின் மூளை அனுப்பும் ஹார்மோனைத் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. அது அட்ரினல் சுரப்பியைத் தூண்டிக்கொண்டே இருக்கும். சில வருடங்களில் அந்தச் சுரப்பி பெருத்து, கட்டியாகி, வால் பக்கமிருந்து முடி கொட்டத் தொடங்கும், கருத்தடை செய்த பெட்டைக்குப் பிறப்புறுப்பு வீங்கும். உங்கள் பக்கத்தில் நடுவயது ஃபெரெட்டுகளுக்கு அட்ரினல் நோய் இவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கு, குட்டியிலேயே செய்யும் கருத்தடை ஒரு முக்கியக் காரணம் என்று பார்க்கிறார்கள். அதனால்தான் ஐரோப்பாவில் பல மருத்துவர்கள் கத்தியைவிட இம்பிளான்டைப் பரிந்துரைக்கிறார்கள். கருப்பையில் சீழ் பிடித்தால் அறுவைதான், அதில் இரண்டு கருத்து இல்லை.

டொராண்டோ தம்பி:

நன்றி அக்கா. எங்கள் வீட்டு ஐந்து வயதுப் பெட்டைக்கு வாலில் முடி இல்லை. குளிர்காலம் போனால் வளரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளை மருத்துவரிடம் காட்டுகிறேன்.

மெல்பர்ன் மல்லி:

இங்கே விக்டோரியாவில் ஃபெரெட் வளர்க்கலாம், குயின்ஸ்லாந்தில் கூடாது, நியூசிலாந்தில் 2002 முதல் விற்கவோ ஈன வைக்கவோ முடியாது. தெற்கே இருப்பவர்கள் மேலே சொன்ன மாதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு வசந்தம் செப்டம்பரில்தான் தொடங்குகிறது. நமக்குப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது வெயிலும் உச்சம். 30 டிகிரியைத் தாண்டினால் ஃபெரெட் தாங்காது, அதுவும் சினைப் பெட்டை. இங்கே குட்டி எடுப்பவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே ஈற்று முடிகிற மாதிரி கணக்குப் போடுவது நல்லது.

பனிமலர் (லெஸ்டர்):

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இரண்டு குட்டிகளின் வயிற்றிலும் பால் இல்லை. ஒன்றின் நுரையீரலில் அழற்சி இருந்தது, வைரஸாக இருக்கலாம் என்றார்கள். உறுதியாக ஒரே காரணம் சொல்ல முடியவில்லை. மிளகு ஈன்ற வாரம் என் மாமியாருக்கும் மகளுக்கும் நல்ல காய்ச்சல், இருமல். மகள்தான் ஒரு நாளைக்குப் பலமுறை பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவா காரணம்? அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முயல்வலை (யார்க்‌ஷயர்):

குழந்தையிடம் அப்படிச் சொல்லவே வேண்டாம். மருத்துவரே உறுதியாகச் சொல்லாததைக் குழந்தை தலையில் ஏற்றக் கூடாது.

ஆனால் காய்ச்சல், பெட்டியைத் திறந்து பார்த்தது இரண்டையும் பேச வேண்டும். மனிதருக்கு வரும் இன்ஃபுளுவென்சா ஃபெரெட்டுக்கு அப்படியே தொற்றும். 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் மனிதச் சளிக்காய்ச்சல் வைரஸை முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுக்குத் தொற்றவைத்துத்தான். பெரிய ஃபெரெட் ஒரு வாரம் தும்மி எழுந்துவிடும். பிறந்த குட்டியின் மூச்சுக்குழல் எவ்வளவு இருக்கும்? குட்டியின் மொத்த எடையே 8 முதல் 10 கிராம். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் ஃபெரெட் இருக்கும் அறைக்கே போகாமல் இருப்பது நல்லது. வேறு ஆள் இல்லையென்றால் முகக்கவசம், கைகழுவல்.

தலையீற்றுப் பெட்டைக்கு அமைதிதான் பெரிய மருந்து. பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தால், சத்தம் கேட்டால், புது ஆள் வந்தால், குட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், பால் கொடுக்காது. சில குட்டிகளைத் தின்றும் விடும். அதைக் கொடூரம் என்று நினைக்காதீர்கள், பயம்தான். முதல் சில நாள் தாய் தீனிக்கு வெளியே வரும்போது ஒருமுறை எட்டிப் பார்த்து, இறந்தது இருந்தால் எடுத்துவிட்டு, மூடிவிட வேண்டும். ஆண் ஃபெரெட்டை ஈற்றுக்கு முன்பே வேறு இடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். இன்னொன்று: குளிர்ந்து விறைத்துக் கிடக்கும் குட்டியைச் செத்தது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சூடேற்றினால் சில அசையும். சூடேறிய பிறகுதான் பால், அதற்கு முன் கொடுத்தால் செரிக்காது.

வெண்தலை (எடின்பரோ):

யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். தாய் தகப்பன் என்ன நிறம்?

பனிமலர் (லெஸ்டர்):

மிளகுக்கு நெற்றியிலிருந்து பிடரி வரை வெள்ளைப் பட்டை. தகப்பனுக்குத் தலை முழுக்க வெள்ளை. அழகான குட்டிகளாக வரும் என்றார்கள்.

வெண்தலை (எடின்பரோ):

நினைத்தேன். இந்த நிறங்களை பிளேஸ், பாண்டா என்பார்கள். நிறத்துக்காக இரண்டையும் சேர்ப்பவர்கள் நிறைய. இந்த வெள்ளைக்கும் பிறவிச் செவிடுக்கும் தொடர்பு இருப்பது ஐரோப்பாவில் ஃபெரெட்டுகளைச் செவிப் பரிசோதனை செய்து பார்த்து உறுதியான விஷயம். மனிதரில் வெள்ளை முடியும் செவிடும் சேர்ந்து வரும் பிறவிக் கோளாறை வார்டன்பர்க் சிண்ட்ரோம் என்று சொல்கிறார்களே, அதற்கு இணையானது. மிளகு கூப்பிட்டால் திரும்புகிறாளா? அவள் தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையில் தட்ட வேண்டாம், அதிர்வை உணர்ந்துவிடுவாள்.

செவிட்டு ஃபெரெட் நன்றாகவே வாழும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தன் குட்டி கத்துவது காதில் விழாத தாய், பெட்டியின் மூலைக்கு நகர்ந்துபோன குட்டியைத் தேடாமல் இருக்க வாய்ப்பு உண்டு. குட்டிகள் இறந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிளேஸையும் பாண்டாவையும் சேர்க்கக் கூடாது என்று சொல்கிறேன். அங்கோராவும் அப்படித்தான். நீள முடிக்காகவே பெருக்குகிறார்கள், ஆனால் பல அங்கோராப் பெட்டைகளுக்குப் போதிய பால் சுரக்காது. குட்டியை வேறு தாயிடம் விடத் திட்டம் போட்டுத்தான் சினைக்கே விடுகிறார்கள். அந்த வழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

பனிமலர் (லெஸ்டர்):

சாவியை ஆட்டிப் பார்த்தேன். திரும்பவில்லை. இரண்டு வருடமாகப் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது.

சரி, முடிவு எடுத்துவிட்டோம். மிளகை இனி ஈன வைக்கப்போவதில்லை. மகளும் ஒத்துக்கொண்டாள்.

தென்றல் (வேல்ஸ்):

இந்தத் தகவலுக்குப் பிறகு நானும் அதைத்தான் சொல்வேன். பிளேஸ், செவிடு, மடிநோய் மூன்றும் சேர்ந்த பெட்டையை நான் வளர்த்திருந்தாலும் சேர்க்க மாட்டேன். பொதுவான என் கருத்தில் மாற்றமில்லை: வெட் கிடைக்காத இடத்தில், உடம்பு தேறிய பெட்டைக்கு, சேர்ப்பது பருவத்தில் விடுவதைவிட மேல்.

குட்டி இழந்த தாயை எப்படித் தேற்றுவது என்று யாரும் விரிவாகச் சொல்லவில்லை. காலுறைகளை எடுத்துப் பிடுங்காதீர்கள். சில நாள் வைத்துக்கொள்ளட்டும், ஆர்வம் தானாகக் குறையும். கூட்டுப்பெட்டியின் வைக்கோலை ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வேறு ஃபெரெட்டோடு பழகியவள் என்றால் மடிநோய் ஆறியதும் அதோடு விளையாட விடுங்கள். தனியாக அடைத்து வைத்தால்தான் சுற்றிச் சுற்றி வருவாள்.

பக்கத்தில் வேறு பெட்டை அதே வாரம் ஈன்றிருந்தால் அதன் குட்டி ஒன்றிரண்டை இவளிடம் விடலாம், ஃபெரெட் தாய் பிற குட்டியை எளிதில் ஏற்கும். அனுபவமுள்ளவர்கள் இரண்டு பெட்டையை ஒரே நாளில் சினைக்கு விடுவதே இதற்காகத்தான். ஒருத்திக்குப் பால் இல்லையென்றால் இன்னொருத்தி இருப்பாள். பிறந்த குட்டியைப் புட்டிப்பாலில் வளர்ப்பது பெரும்பாலும் தோல்வியில்தான் முடியும். ஆனால் மிளகுக்கு இப்போது அந்த வழி இல்லை.

கால்நடை நர்ஸ் (பர்மிங்ஹாம்):

ஆமாம், மடிநோய் உள்ள தாயிடம் எந்தக் குட்டியையும் விடக் கூடாது. அங்கிருந்து எடுத்த குட்டியை வேறு தாயிடம் விட்டாலும் அதன் வாய் வழியே கிருமி அவளுக்கும் போகும்.

மிளகைப் பார்க்கும் மருத்துவரிடம் டெஸ்லோரெலின் பற்றிக் கேளுங்கள். பெட்டை ஃபெரெட்டுக்கு அதை உரிம வரம்புக்கு வெளியே தன் பொறுப்பில்தான் போடுவார், அதனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார். அது வழக்கமான நடைமுறை. மடி முழுக்க ஆறிய பிறகு நாள் குறியுங்கள். அதற்குள் பருவம் வந்துவிட்டால் தாமதிக்காமல் சொல்லுங்கள்.

பனிமலர் (லெஸ்டர்):

ஒரு கடைசிக் கேள்வி. என் மகள் அடுத்த வருடம் "நல்ல முறையில்" குட்டி எடுக்கலாமா என்கிறாள், வேறு பெட்டை வாங்கி. அவள் ஆர்வத்தைக் கெடுக்க மனமில்லை. நல்ல முறை என்றால் என்ன?

முயல்வலை (யார்க்‌ஷயர்):

முதலில் குட்டிகளுக்கு வீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெரெட் சராசரியாக எட்டுக் குட்டி போடும், பதினைந்தும் போட்டிருக்கிறது. எட்டு வாரத்துக்கு முன் ஒன்றையும் கொடுக்கக் கூடாது. அதுவரை எட்டு வாய்க்கும் இறைச்சி போட வேண்டும். வாங்கியவர் மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். இங்கே கோடைக்காலத்தில் ஃபெரெட் காப்பகங்களில் போய்ப் பாருங்கள், கண்டெடுத்தவை, கைவிடப்பட்டவை என்று கூண்டு நிறைய இருக்கும். நான் உண்மையாகச் சொல்வதென்றால், மகளை ஒரு கோடை முழுக்கக் காப்பகத்தில் உதவச் சொல்லுங்கள். அங்கே சினையாக வந்து சேரும் பெட்டைகளும் உண்டு. ஈற்றும் பார்ப்பாள், குட்டி வளர்ப்பதும் கற்பாள், உலகத்தில் புதிதாக ஒரு ஃபெரெட்டும் கூடாது.

அதற்குப் பிறகும் வேண்டும் என்றால்: பெட்டைக்கும் ஆணுக்கும் அலூஷன் நோய்க்கு ரத்தப் பரிசோதனை. அந்த வைரஸ் இருந்தால் கரு தங்காமல் போகலாம், பிறந்தவையும் இறக்கலாம், அதற்கு மருந்து கிடையாது. டிஸ்டெம்பர் தடுப்பூசி சினைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், அந்த நோய் வந்த ஃபெரெட் பிழைப்பதில்லை. தாய் வழி தகப்பன் வழி இரண்டிலும் சில தலைமுறை தெரிய வேண்டும். சேர்த்த தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். 43ஆம் நாளும் ஈனவில்லை என்றால் அன்றே வெட். வயிற்றில் ஒன்றிரண்டு குட்டி மட்டும் இருந்தால் பிரசவம் தானாகத் தொடங்காமல் போகும், உள்ளேயே செத்துவிடும். அறுவைக்கு ஆகும் பணத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் ஆணைத் தேட வேண்டும். வருடத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் வேண்டாம். வியாபாரமாக விற்பதென்றால் உள்ளாட்சியிடம் உரிமமும் வேண்டும்.

தென்றல் (வேல்ஸ்):

காப்பக யோசனை அருமை. மகளுக்கு என் வாழ்த்து.

முயல்வலை (யார்க்‌ஷயர்):

பனிமலர், இன்னொன்று. இம்பிளான்ட் கிடைக்கத் தாமதமாகி மிளகு பருவத்துக்கு வந்துவிட்டால் எனக்கு எழுதுங்கள். வாசக்டமி செய்த ஆண் என்னிடம் இருக்கிறான், காசு வேண்டாம். ஆனால் மடி முழுக்க ஆறியிருக்க வேண்டும், மிளகுக்கு அலூஷன் பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். அவனுடைய பரிசோதனை முடிவை நான் முதலிலேயே அனுப்பிவிடுகிறேன், உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.